விஸ்கிக் கலவையும் கனவான் கதைகளும்

விஸ்கியைக் கொண்டு பழம்பெரும் மதுக் கலவைகளை வீட்டிலேயே செய்துகொள்வது எப்படி என்று கற்பிக்கும் நூல்கள் இன்று மேலைநாட்டுப் புத்தகக் கடைகளில் வரிசை வரிசையாக அடுக்கப்பட்டிருக்கின்றன. கொக்டெயில் என்று உலகம் அழைக்கும் இக்கலவைகளுள் ஓல்ட் பாஷண்ட், மன்ஹட்டன், விஸ்கி சவர் ஆகிய மூன்றுக்கும் அந்நூல்களில் தவறாது இடம் உண்டு. செய்முறைக்கு மேலே ஒரு சிறு கதையும் தவறாது இடம்பெறும். அக்கதையில் ஒரு கனவான் வருவார். அல்லது ஒரு சீமாட்டி வருவார். பளிங்குத் தரையும் தொங்கு விளக்கும் உள்ள கிளப் ஒன்று வரும். மதுவைக் கலந்த கை மட்டும் வராது.

இலக்கியத்தையும் சமூகத்தையும் பற்றிப் பேச வேண்டிய ஏட்டில் மதுக் கலவைக்கு என்ன வேலை என்று நண்பர்கள் சிலர் முகம் சுளிக்கலாம். மதுவின் புகழ் பாடுவது எமது நோக்கமன்று. குடியாதவர் இக்கலவைகளைக் குடியாததால் எதையும் இழந்துவிடவில்லை. ஆனால் ஒரு பொருளை ஆக்கியவர் யார் என்ற வினாவுக்குப் பொய்யான விடை அச்சேறும்போது, அப்பொருள் காவியமாயினும் சரி, கோபுரமாயினும் சரி, கோப்பையில் ஊற்றும் பானமாயினும் சரி, அதைச் சும்மா விட்டுவிட எமக்கு மனம் வருவதில்லை. ஐக்கிய அமெரிக்காவின் மதுச்சாலைகளில் உருவான இந்தக் கலவைகளின் வரலாறு, உழைத்தவரின் பெயரை அழித்துவிட்டு உடைமையாளரின் பெயரை எழுதிய வரலாறு. வீட்டில் இவற்றைச் செய்பவர்கள் அந்தப் பொய்யையும் சேர்த்தே பருகுகிறார்கள் என்பதுதான் எமது குற்றச்சாட்டு.

மன்ஹட்டன் கலவையிலிருந்து தொடங்குவோம். விஸ்கி இரண்டு பங்கு. மூலிகையூட்டிய இனிப்பு வைனாகிய வெர்மூத் ஒரு பங்கு. பிற்றர்ஸ் எனப்படும் கசப்புச் சாறு இரண்டு சொட்டு. இதைத் தோற்றுவித்தவர் வின்ஸ்டன் சேர்ச்சிலின் தாயாரான ஜெனி சேர்ச்சில் என்றும், 1874 இல் சாமுவேல் டில்டன் நியூயோர்க் மாநில ஆளுநராகத் தெரிவு செய்யப்பட்டதைக் கொண்டாடும் பொருட்டு மன்ஹட்டன் கிளப்பில் அவர் அளித்த விருந்தில்தான் இது முதன்முதல் பரிமாறப்பட்டது என்றும் நெடுங்காலமாக ஒரு கதை வழங்கி வருகிறது. அந்தத் தேர்தல் நடந்தது 1874 நவம்பர் தொடக்கத்தில். அதே மாதம் 30 ஆம் திகதி அம்மையார் இங்கிலாந்தின் பிளென்ஹைம் மாளிகையில் வின்ஸ்டனைப் பெற்றெடுத்தார். பிள்ளைப்பேற்றை எதிர்நோக்கியிருந்தவர் அத்திலாந்திக் சமுத்திரத்தின் மறுகரையில் விருந்து நடத்திக்கொண்டிருந்தார் என்பதை நாம் நம்ப வேண்டுமாம்! பிரபு குடும்பத்துப் பெயர் ஒன்று கைக்குக் கிடைத்துவிட்டால் நாட்காட்டியைப் புரட்டிப் பார்க்கவும் எவரும் சிரமப்படுவதில்லை. மன்ஹட்டன் என்ற கலவையின் பெயர் 1882 இல் பத்திரிகையில் வந்துவிட்டது. 1884 இல் செய்முறை நூல்களுக்குள்ளும் புகுந்துவிட்டது. இராப்பகலாய் நின்று வேலை செய்த ஏதோ ஒரு மதுச்சாலைப் பணியாளரின் கையில் அது பிறந்திருக்கும் என்று சொல்லத்தான் கதை கட்டியவர்களுக்கு நா எழவில்லை.

ஓல்ட் பாஷண்ட் கலவையின் கதை இதைவிடச் சுவையானது. கென்டக்கி மாநிலத்தின் லூயிவில் நகரில் பென்டெனிஸ் கிளப் என்றொரு கனவான்கள் சங்கம் 1881 இல் நிறுவப்பட்டது. அங்கிருந்த ஒரு பணியாள், ஜேம்ஸ் பெப்பர் என்ற விஸ்கி வடிசாலை உடைமையாளரைக் கௌரவிக்கும் பொருட்டு இதை ஆக்கினான் என்றும், அவர் அதை நியூயோர்க்கின் பெரிய ஹோட்டலுக்குக் கொண்டுசென்று பரப்பினார் என்றும் சொல்வார்கள். பணியாளுக்குப் பெயர் இல்லை. முதலாளிக்கு மட்டும் பெயர் உண்டு என்பதைக் கவனிக்க. இதுவும் பொய்யே. 'சிக்காகோ டெய்லி டிரிபியூன்' பத்திரிகையில் 1880 பெப்ரவரியிலேயே 'பழைய பாணிக் கொக்டெயில்' என்ற பேச்சு அச்சாகிவிட்டது. தாய் பிறப்பதற்கு முன்பே பிள்ளை பிறந்துவிட்டது!

உண்மையில் அப்பானத்தை எவரும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. நியூயோர்க் மாநிலத்தின் ஹட்சன் என்ற சிற்றூரில் வெளியான ஒரு பத்திரிகை, கொக்டெயில் என்றால் என்ன என்று கேட்ட வாசகர் ஒருவருக்கு 1806 மே மாதத்தில் விடை கூறியது. வடித்த மது ஏதேனும் ஒன்று, சீனி, நீர், பிற்றர்ஸ் ஆகிய நான்கும் சேர்ந்ததே அது. விஸ்கியை இட்டு இந்த நான்கையும் கலந்தால் கிடைப்பது ஓல்ட் பாஷண்ட். அவ்வளவுதான். ஜெரி தோமஸ் என்ற மதுச்சாலைப் பணியாளர் 1862 இல் நூலாக்கி வெளியிட்ட செய்முறைத் தொகுப்பிலும் இது விஸ்கிக் கொக்டெயில் என்ற பெயரோடு இருக்கிறது. பின்னர், 1870களில், நாகரிகம் முற்றிய மதுச்சாலைகளில் இதனுள் அப்சிந்த் என்றும் குராசோ என்றும் வெளிநாட்டுச் சாறுகளை ஊற்றத் தொடங்கினார்கள். அந்தக் கூட்டுக் குழம்பை வெறுத்தவர்கள், எமக்கு அந்தப் பழைய பாணியிலேயே கலந்து தா என்று கேட்டார்கள். இன்று ஆடம்பரத்தின் சின்னமாக விற்கப்படும் இந்தப் பெயர், ஆடம்பரத்தை வேண்டாமென்று ஒதுக்கியவர்களின் வாய்ச்சொல்.

பென்டெனிஸ் கிளப்பில் கண்டுபிடிப்பு நிகழவில்லை. ஆனால் அங்கே ஒரு கலைஞர் வேலை செய்தார். அவர் பெயர் டொம் புலொக். 1872 இல் லூயிவில் நகரில் பிறந்த கறுப்பினத்தவர். பென்டெனிஸிலும், பின்னர் மிசூரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் கன்ட்ரி கிளப்பிலும் வெள்ளைக் கனவான்களுக்கு மது கலந்து கொடுத்தார். நிறவெறி சட்டமாகவும் சம்பிரதாயமாகவும் கோலோச்சிய அந்நாட்களில், அவர் நின்ற மேசையின் மறுபுறத்தில் உறுப்பினராக அமர அவரால் கனவிலும் முடிந்திராது. 1917 இல் அவர் தமது செய்முறைகளைத் தொகுத்து 'இலட்சிய மதுப் பணியாளர்' என்று பொருள்படும் பெயரில் நூலாக வெளியிட்டார். கறுப்பினத்தவர் ஒருவர் இத்துறையில் வெளியிட்டதாக அறியப்படும் முதல் நூல்களுள் அது முன்னிற்பது. ஓல்ட் பாஷண்ட் செய்முறையும் அதில் உண்டு. சங்கத்தின் பெருமை பேசுவோர் தமது பட்டியலில் முதலாவதாக எழுத வேண்டிய பெயர் இது. ஆனால் ஜேம்ஸ் பெப்பரை அறிந்தவர்களில் எத்தனை பேர் டொம் புலொக்கை அறிவர்?

அவருடைய கைத்திறத்துக்கு ஒரு முன்னாள் ஜனாதிபதியே சாட்சி. தியோடர் ரூஸ்வெல்ட் அளவு மீறிக் குடிப்பவர் என்று மிச்சிகன் மாநிலப் பத்திரிகையாசிரியர் ஒருவர் எழுதிவிட, 1912 இல் ரூஸ்வெல்ட் அவர்மீது அவதூறு வழக்குத் தொடுத்தார். செயின்ட் லூயிஸ் கிளப்பில் புதினா ஜூலெப் ஒன்றில் சிறிது மாத்திரமே பருகியதாக நீதிமன்றத்தில் அவர் கூறினார். செய்தியைக் கண்ட செயின்ட் லூயிஸ் பத்திரிகை ஒன்று, டொம் புலொக் கலந்த ஜூலெப்பைப் பாதியில் வைத்த மனிதன் உலகில் உண்டோ என்று ஏளனம் செய்தது. வழக்கில் ரூஸ்வெல்ட் வென்றார். அவருக்குக் கிடைத்த நட்டஈடு ஆறு சதம்.

ஜூலெப்பைக் குறிப்பிட்டதால் வர்ஜீனியா மாநிலத்தின் ரிச்மண்ட் நகரில் வாழ்ந்த ஜோன் டாப்னியையும் குறிப்பிடாமல் செல்ல இயலாது. அக்காலத்து ஜூலெப்பில் பிரண்டியே பெரிதும் ஊற்றப்பட்டது. கென்டக்கி விஸ்கி அதன் இடத்தைப் பிடித்தது பிற்பாடு. டாப்னி ஓர் அடிமை. அவருடைய ஜூலெப்புக்காகப் பெரிய இடத்து மனிதர்கள் காத்துக் கிடந்தார்கள். அவர் உழைப்பின் ஊதியத்தில் பெரும்பங்கு எசமானுக்குப் போயிற்று. மிஞ்சியதைச் சேர்த்துத் தம் மனைவியின் விடுதலையை விலை கொடுத்து வாங்கினார். கோப்பையின் விளிம்பில் செருகிய புதினாக் கொழுந்தின் அழகைப் பக்கம் பக்கமாக வருணிக்கும் நூல்கள், அந்தக் கோப்பைகளை எண்ணி எண்ணி ஒரு மனிதன் தன் மனைவியை மீட்டான் என்பதை ஒரு வரியிலேனும் எழுதியிருக்கலாம்.

கலந்தவர்களின் நிலை இதுவென்றால் வடித்தவர்களின் நிலை என்ன? டெனசி மாநிலத்தின் லிஞ்ச்பேர்க் ஊரிலிருந்து உலகெங்கும் செல்லும் ஜாக் டானியல் விஸ்கியை அறியாதவர் இலர். அந்த ஜாக் டானியல் சிறுவனாக வேலைக்குச் சேர்ந்த பண்ணையில், பாதிரியார் டான் கோல் என்பவரிடம் மது வடிக்கக் கற்றான் என்று நெடுங்காலம் சொல்லப்பட்டது. கற்பித்தவர் நேதன் கிரீன். 'நியரஸ்ட்' என்பது அவருடைய அழைப்புப் பெயர். அப்பண்ணையில் அடிமையாக வேலை செய்தவர். அடிமைமுறை ஒழிந்தபின் ஜாக் டானியல் வடிசாலையின் முதல் தலைமை வடிப்பாளராக விளங்கியவர். 1967 இல் வெளிவந்த ஜாக் டானியலின் வாழ்க்கை வரலாற்று நூலில் இவருடைய பெயர் மறைவின்றி இருக்கிறது. இருந்தும், வடிசாலையைப் பார்க்க வந்த விருந்தினருக்கு நிறுவனம் இந்த உண்மையைத் தன் வாயால் சொல்லத் தொடங்கியது 2016 இல், தனது நூற்றைம்பதாம் ஆண்டு நிறைவின்போதுதான். உண்மை தெரியாமல் இருந்தது என்று எவரும் சாட்டுச் சொல்ல முடியாது. தெரிந்திருந்தும் தேவைப்படவில்லை.

கோப்பைக்குள் இருக்கும் ஏனைய பொருள்களும் வாய்பேச முடிந்தால் இதே கதையைத்தான் சொல்லும். ஒரு கட்டிச் சீனி என்று நூல்கள் வெகு எளிதாக எழுதிவிடுகின்றன. கொக்டெயில் வளர்ந்த பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் அந்தச் சீனி லூயிசியானாவின் அடிமைக் கரும்புத் தோட்டங்களிலிருந்தும் கியூபாவிலிருந்தும் வந்தது. கியூபாவில் அடிமைமுறை 1886 வரை நீடித்தது. பிற்றர்ஸ் வகைகளுள் பெயர்பெற்ற அங்கோஸ்துரா, சிமோன் பொலிவாரின் விடுதலைப் படையில் மருத்துவராக இருந்த ஜெர்மானியர் சீகேர்ட் 1824 இல் வெனிசுவேலாவின் அங்கோஸ்துரா நகரில் வயிற்று மருந்தாகத் தயாரித்தது. 1870களில் அத்தொழில் திரினிடாத் தீவுக்கு இடம்பெயர்ந்தது. 1845 முதல் 1917 வரை இந்திய ஒப்பந்தக் கூலிகள் கப்பல் கப்பலாகக் கொண்டுசெல்லப்பட்ட கரும்புத் தீவு அது. கல்கத்தாத் துறைமுகத்திலிருந்தே மிகப் பலர் சென்றனர். சென்னையிலிருந்தும் கப்பல்கள் போயின. ஆகவே தமிழ் வாசகர்களாகிய எமக்கு முற்றிலும் அந்நியமான கதை இது என்று எண்ணிவிட வேண்டாம்.

விஸ்கியும் அரசியலுக்குப் புறம்பாக நின்றதில்லை. 1791 இல் அலெக்சாந்தர் ஹமில்டன் விதித்த மதுவரி பெரிய வடிசாலைகளுக்கு இலேசாகவும், மேற்குப் பென்சில்வேனியாவின் சிறு விவசாயிகளுக்குப் பாரமாகவும் அமைந்தது. தானியத்தை மலைப்பாதையில் சுமந்து சென்று விற்க வழியில்லாதவர்கள் அதை மதுவாக வடித்து விற்றனர். நாணயம் அரிதாயிருந்த அவ்விடத்தில் விஸ்கியே பண்டமாற்றுப் பொருளாகவும் இருந்தது. அவர்கள் கிளர்ந்தெழுந்தபோது, 1794 இல், ஜோர்ஜ் வாஷிங்டன் ஏறக்குறைய 13,000 படையினரைத் திரட்டிச் சென்றார். அதன் பின்னர் ஒரு நூற்றாண்டு கழித்து நிலைமை தலைகீழாயிற்று. அப்போது விஸ்கியைக் கெடுத்தவர்கள் வியாபாரிகள். வெறும் சாராயத்தில் கருக்கிய சீனியையும் உலர்பழச் சாற்றையும் சேர்த்து நிறமேற்றிப் பழைய விஸ்கி என்று விற்றார்கள். 1897 ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கொரு கடிவாளமாக வந்தது. ஒரே வடிசாலையில், ஒரே பருவத்தில் வடித்து, அரசாங்கக் கண்காணிப்பில் நான்கு ஆண்டுகளேனும் பீப்பாயில் இருந்து, நூற்றுக்கு 50 வீத மதுசாரத்துடன் அடைக்கப்பட்ட விஸ்கிக்கே அந்த முத்திரை கிடைக்கும். போர்பன் என்ற பெயருக்கும் இன்று சட்டம் உண்டு. தானியத்தில் 51 வீதத்துக்குக் குறையாமல் சோளம் இருக்க வேண்டும். உட்புறம் கருக்கிய புதிய ஓக் மரக் கலத்தில் அது கிடக்க வேண்டும். வீட்டில் கலவை செய்ய முனைபவர் போத்தலின் கழுத்தில் தொங்கும் தங்கப் பட்டியைப் பாராமல் இந்தச் சிற்றெழுத்தைப் படிப்பாராயின் பணமும் மிஞ்சும், ஏமாற்றமும் குறையும்.

இனி வீட்டுக்கே வருவோம். இக்கலவைகளைச் செய்வதற்குத் தெளிந்த பெரும் பனிக்கட்டி வார்க்கும் அச்சுகள், மரத்தூளைக் கருக்கிப் புகை பிடிக்கும் கருவிகள், பொன்முலாம் பூசிய அளவைகள் எல்லாம் வேண்டும் என்று இன்றைய விளம்பரங்கள் அச்சுறுத்துகின்றன. ஒரு தொழிலின் எளிமையை மறைத்து அதனைச் சுற்றிப் புகைமூட்டம் போடுவது வியாபாரத்தின் பழைய வித்தை. இங்கே மெய்யாகவே புகை போடுகிறார்கள்!

ஓல்ட் பாஷண்டுக்கு வேண்டியவை 60 மில்லிலீற்றர் போர்பன் அல்லது ரை விஸ்கி, ஒரு சீனிக்கட்டி, இரண்டு மூன்று சொட்டு பிற்றர்ஸ், பனிக்கட்டி, ஒரு கீற்றுத் தோடம்பழத் தோல். சீனி மதுவில் இலகுவாகக் கரையாது. ஆகவே முதலில் சீனிக்கட்டியின்மேல் பிற்றர்ஸையும் ஒரு கரண்டி நீரையும் விட்டு நசுக்க வேண்டும். அதன் பின்னரே விஸ்கி. நீர் சேர்த்தால் கலப்படம் என்று அஞ்சுபவர்கள் 1806 இன் விளக்கத்தில் நீரும் ஓர் உறுப்பு என்பதை மறந்தவர்கள். தோடம்பழத் தோலை வெளிப்புறம் கோப்பையை நோக்க முறுக்கினால் அதன் எண்ணெய் மேலே படியும். இவ்வளவையும் செய்ய ஒரு கண்ணாடிக் குவளையும் ஒரு கரண்டியும் போதும். பழத்துண்டையும் செக்கச்சிவந்த செரிப்பழத்தையும் அடியில் போட்டு இடித்துக் கூழாக்குவது பிற்காலத்தில் ஒட்டிக்கொண்ட வழக்கம். அந்தச் செரிப்பழத்தின் சிவப்பும் இயற்கையன்று. கந்தக நீரில் வெளிறச் செய்து பின்னர் சாயம் ஏற்றியது.

பெரிய பனிக்கட்டி குளிர வைக்கும், ஆனால் நீர்த்துப்போக விடாது என்று ஒரு மந்திரம் ஓதுகிறார்கள். இது பௌதிகத்துக்கு ஒவ்வாத பேச்சு. பனிக்கட்டி குளிரூட்டுவதே உருகுவதனால்தான். ஒரு கிராம் பனிக்கட்டி உருகும்போது ஏறத்தாழ 80 கலோரி வெப்பத்தை உறிஞ்சுகிறது. 30 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள 100 கிராம் நீரைப் பூச்சியத்துக்குக் கொண்டுவர 3,000 கலோரி அகல வேண்டும். அதற்கு 37 கிராமுக்கு மேல் பனிக்கட்டி உருகியே ஆக வேண்டும். மதுவுக்குக் கணக்குச் சிறிது மாறும், விதி மாறாது. பெரிய கட்டி மெதுவாக உருகும். ஆகையால் மெதுவாகவே குளிர வைக்கும். ஆறுதலாகப் பருகுபவருக்கு அது வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் இயற்கையின் விதியை வென்ற அச்சு என்று சொல்லி விலையை ஏற்றி விற்பது வெறும் பித்தலாட்டம்.

மன்ஹட்டனுக்கு 60 மில்லிலீற்றர் விஸ்கி, 30 மில்லிலீற்றர் இனிப்பு வெர்மூத், இரண்டு சொட்டு பிற்றர்ஸ். பனிக்கட்டியோடு அரை நிமிடம் கலக்கி வடிக்க வேண்டும். குலுக்கினால் காற்றுக் குமிழ் புகுந்து கலங்கிப்போகும். வீட்டில் செய்யும் மன்ஹட்டன் கெட்டுப்போவதற்குப் பெரும்பாலும் காரணம் விஸ்கியன்று. திறந்த வெர்மூத்தை மாதக்கணக்கில் அலுமாரியில் நிறுத்தி வைப்பது. வெர்மூத் வைன் இனத்தைச் சேர்ந்தது. திறந்தபின் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து ஓரிரு மாதத்துக்குள் முடிக்காவிட்டால் புளித்துச் சுவை மாளும். விலை கூடிய விஸ்கியை வாங்கச் சொல்லும் நூலாசிரியர்கள், செலவில்லாத இந்த உண்மையை முதற்பக்கத்தில் எழுதினால் என்ன?

விஸ்கி சவர் என்பது விஸ்கியும் புளிப்பும் இனிப்பும். 60 மில்லிலீற்றர் விஸ்கிக்குப் பெரிய மஞ்சள் எலுமிச்சையின் சாறு 20 மில்லிலீற்றருக்குச் சற்று மேல். சீனியும் நீரும் சம எடையில் கரைத்த பாகு அதே அளவு. பனிக்கட்டியோடு பலமாகக் குலுக்கி வடிப்பது. இங்கே சாறு இருப்பதால் கலங்குவது குற்றமன்று, நுரைப்பதே அழகு. நுரைக்காக முட்டையின் வெள்ளைக்கருவை விடுவோரும் உண்டு. மது கிருமியைக் கொன்றுவிடும் என்று எண்ணிப் பச்சை முட்டையைக் குலுக்கிக் குடிப்பது தவறு. அந்தச் சில நொடிகளில் அப்படி எதுவும் நடந்துவிடாது. எலுமிச்சையைப் பிழிய ஒரு நிமிடம் செல்லும். அந்த ஒரு நிமிடத்தை மிச்சப்படுத்துவதாகச் சொல்லித்தான் சித்திரிக் அமிலமும் சோளப்பாகும் மஞ்சள் சாயமும் கலந்த ஆயத்தப் புளிப்புச் சாற்றைப் போத்தலில் அடைத்து விற்கிறார்கள். பழைய விஸ்கி வியாபாரிகள் சாராயத்துக்குச் செய்ததை இவர்கள் எலுமிச்சைக்குச் செய்கிறார்கள்.

மதுவிலக்கு நண்பர்களுக்கும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். கொக்டெயிலே மதுவிலக்குக் காலத்தில் கள்ளச்சாராயத்தின் நாற்றத்தை மறைக்கப் பிறந்ததுதான் என்று எழுதுவோர் உளர். 1806 எங்கே, 1920 எங்கே! மதுவிலக்குச் சட்டம் ஐக்கிய அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை நடைமுறையில் இருந்தது. வீட்டில் மது கலக்கும் வழக்கம் அக்காலத்தில் பரவியது என்பது மெய். ஆனால் யாருடைய வீட்டில்? சட்டம் வருமுன் வாங்கிய மதுவைத் தன் இல்லத்தில் வைத்துப் பருக அச்சட்டமே இடமளித்தது. முன்கூட்டி வாங்கி நிலவறையை நிரப்பப் பணம் இருந்தவர்கள் நிரப்பினார்கள். வைத்தியரின் சீட்டைப் பெற்று மருந்துக்கடையில் விஸ்கி வாங்கவும் வழி இருந்தது. அதற்கும் பணம் வேண்டும். பணமில்லாதவர்களுக்குக் கிடைத்தது தொழிற்சாலைச் சாராயம். அதை எவரும் குடிக்காதிருக்க அரசாங்கம் மெதில் மதுசாரம் என்ற நஞ்சைச் சேர்க்கச் செய்தது. 1926, 1927 காலத்தில் அந்தச் சேர்க்கை மேலும் கடுமையாக்கப்பட்டது. மக்கள் குடித்தார்கள், குருடானார்கள், செத்தார்கள். 1930 இல் ஜமெய்க்கா இஞ்சிச் சாறு என்ற மலிவுச் சரக்கில் வியாபாரிகள் கலந்த இரசாயனத்தால் பல்லாயிரம் ஏழைகளின் கால்கள் முடங்கின. அதே ஆண்டுகளில் செல்வர் வீட்டு வரவேற்பறையில் வெள்ளிக் குலுக்கிகள் மினுங்கின. குடியின் கேட்டை நாமும் அறிவோம். அதைச் சட்டத்தால் ஒழிக்கப் புறப்பட்டவர்கள் எந்த வகுப்பாரின் வீட்டுக் கதவைத் தட்டினார்கள், எந்த வகுப்பாரின் வீட்டைக் கண்டும் காணாமல் கடந்து போனார்கள் என்பதைக் கேட்காமல் இருக்க முடியாது.

குடியின் கேட்டை உண்மையாகவே குறைக்க விரும்புவோர் செய்யக்கூடிய காரியம் ஒன்று செய்முறை நூல்களிலேயே இருக்கிறது. நூற்றுக்கு 45 வீத மதுசாரமுள்ள விஸ்கி 60 மில்லிலீற்றரில் 27 மில்லிலீற்றர் தூய மதுசாரம். எடையில் ஏறக்குறைய 21 கிராம். மன்ஹட்டனில் வெர்மூத்தின் பங்கும் சேர்ந்து 25 கிராம் ஆகிவிடும். ஐக்கிய அமெரிக்காவின் சுகாதாரக் கணக்கில் ஒரு குடி அளவென்பது 14 கிராம். ஒரு சிறு கிண்ணத்தைக் கையில் ஏந்தி ஒன்றுதான் குடித்தேன் என்பவர் ஏறத்தாழ இரண்டு குடித்திருக்கிறார். வீட்டில் அளவையின்றிப் போத்தலைச் சரித்து ஊற்றுபவருக்கு இரண்டு மூன்றாகும். எந்த அளவும் உடலுக்குத் தீங்கற்றதன்று என்று உலக சுகாதார நிறுவனம் 2023 இல் தெளிவாகவே கூறிவிட்டது. மருந்துப் போத்தலில் அளவை அச்சிடுகிறார்கள். பால்மாப் பெட்டியிலும் அச்சிடுகிறார்கள். ஜெனி சேர்ச்சிலின் பொய்க் கதைக்கு அரைப்பக்கம் ஒதுக்கும் செய்முறை நூல்களில் இந்த 25 கிராம் என்ற எண்ணை மட்டும் நாம் அரிதாகவே காண்கிறோம். அந்த அரைப்பக்கத்தை வெட்டிவிட்டு, அங்கே இந்த எண்ணையும் டொம் புலொக்கின் பெயரையும் அச்சிடட்டும். இரண்டும் சேர்ந்து இரண்டு வரிக்கு மேல் ஆகாது.